பதினெட்டு லைனும் ஒரு சவ்சவ் பந்தலும்

இன்னும் எதத் தம்பி மாத்துறது? நீங்களே சொல்லுங்க! பேட்டரிய மாத்தியாச்சு. கம்பத்து மேல இருக்க பீங்கான் பூராம் மாத்தியாச்சு. இந்தா, போர்டுல சொருகுற கயிறு... மொத்தமும் புதுசு. ஒங்களுக்கு முன்னாடி லைன் பாக்க வந்த சேனாதிபதி, வத்தலக்குண்டுக்காரரு, ஒரு வாரம் இங்கனயே தங்கி, லைன் மேல ஒரசுற செல்வரோக்கு மரத்துக் கெளையெல்லாம் வெட்டிச் சாச்சுட்டுப் போனாரு. எனக்கு வெறகு கெடச்சுது. லைன் தேறல.

ஒக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், பாத்து. ஆங், பையக் கீழ வைங்க. மதுரையிலருந்து வெள்ளனே கெளம்புனீங்களோ? தாண்டிக்குடி வரைக்கும் பஸ்ஸு, அதுக்கு மேல ஜீப்பு... குடலு வாய்க்கு வந்திருக்குமே. கட்டங்காப்பி போடவா? வேணாமா? சரி.

நான் அருள்மேரி. இந்த மூங்கில்பள்ளம் எஸ்டேட்டு போனாபீசுக்கு மேஸ்திரியும் நாந்தேன், கூலியும் நாந்தேன். பங்களா, ஸ்டோரு, ஆஸ்பத்திரி, கேட்டுன்னு பதினெட்டு போன். எவன் எங்கருந்து கைப்பிடியச் சுத்துனாலும் இங்க அந்த நம்பருக்கு நேரா ஒரு தகரக் கதவு டக்குனு விழும். நான் எடுத்து, யாரு வேணும்னு கேட்டு, கயித்தச் சொருகி விடணும். அம்புட்டுத்தேன் சோலி. ரெண்டு வருசமாப் பாக்குறேன், ஒரு கொற சொன்னதில்ல... பொய் சொல்லக்கூடாது. மொத ஆறு மாசம் சொன்னதில்ல.

பொறகுதேன் பிடிச்சுது சனியன். மொதல்ல கொரல் கம்மிப்போச்சு. அப்புறம் எண்ணெச்சட்டில அப்பளம் பொரியிற மாதிரி ஒரு சத்தம். அதுக்கப்புறம்... அதத்தேன் தம்பி சொல்ல வாய் கூசுது... ஒரு லைன்ல பேசுறது இன்னொரு லைன்ல கேக்க ஆரம்பிச்சுருச்சு!

போன வெள்ளிக்கெழம என்னா நடந்துச்சு? தொரை பங்களாவுலருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசுறாரு, தொண்ட கட்டிருக்கு, மாத்தர வேணும்னு. அதே நேரம் ஸ்டோருக் கிளார்க்கு சுவாமிநாதன் கேட்டுக்குப் பேசுறாரு. என்னான்னு? "நம்ம தொரைக்குக் காப்பிப் பழத்துக்கும் நாவப்பழத்துக்கும் வித்தியாசம் தெரியாதுய்யா"ன்னு! அட்சரம் பெசகாம தொரை காதுல விழுந்துருச்சு. ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னது மட்டும் விழல. தொரை மாத்தர கேட்டத மறந்துட்டு, ஸ்டோருக்கு நடந்தே போயிட்டாரு. தொண்டயும் தானாத் தொறந்துருச்சு... அம்புட்டுச் சத்தம்!

சுவாமிநாதனக் கீழ் டிவிசனுக்கு மாத்தியாச்சு. அடுத்து தொரை எங்கிட்ட வந்தாரு. "மேரி, மதுரையிலருந்து கடைசியா ஒரு ஆளு வர்றான். வியாழக்கெழம மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நான் போன் பண்ணுவேன். தெளிவாக் கேட்டா சரி. இல்லன்னா போர்டக் கழட்டி லாரில ஏத்திட்டு ஒயர்லெஸ் வாங்கிருவேன். நீ பழம் பறிக்கப் போயிரு"ன்னுட்டாரு. இன்னைக்கி வியாழக்கெழம தம்பி. மணி பத்து.

பதினாறு வருசம் பழம் பறிச்ச ஒடம்பு இது. இந்த முட்டியப் பாருங்க. சரிவுல ஒரு காலு மேல, ஒரு காலு கீழ வச்சு நின்னு நின்னு, ரெண்டும் ரெண்டு அளவாப் போச்சு. அட்டக்கடி தழும்ப எண்ண ஆளு வைக்கணும். இந்த நாற்காலில ஒக்காந்த பொறகுதேன் நானும் மனுசின்னு தெரிஞ்சுது. மாதாவே... திரும்பிப் போகச் சொன்னா செத்துருவேன்.

இன்னொரு கூத்தக் கேளுங்க. ஊரு ஒலகத்துல மழ பேஞ்சாத்தேன் போன் கெடும். இங்க மழ பேஞ்சா நல்லாக் கேக்கும்! மாசி பங்குனி வெயிலடிச்சா ஒண்ணுங் கேக்காது. இதச் சொன்னா அந்தச் சேனாதிபதி சிரிக்கிறாரு. நீங்க என்ன, சிரிக்காம எழுதிக்கிறீங்க?

என்னது? எர்த்துக் கம்பியா? அது... இந்தா, சுவத்து ஓட்ட வழியாப் பின்னாடி போகுது. அத நான் தொட்டதே இல்ல, சத்தியமா! பின்னாடி என்னா இருக்கா? என் பந்தல் இருக்கு. சவ்சவ் பந்தல். போறப்ப நாலு காயி பறிச்சுத் தாரேன், கூச்சப்படாம வாங்கிக்கங்க. தொரை வீட்டம்மா வேற காயத் தொடமாட்டாங்க தெரியுமா? "மேரி, ஒன் கைராசி"ன்னு வாரம் தவறாம வாங்கிக்கிருவாங்க.

அது வந்த கத ஒரு கத தம்பி. எனக்கு முன்னாடி இங்க இருந்தது நல்லையாண்ணே. சிலோன் தோட்டத்துலருந்து வந்தவரு. வேலைய விட்டுப் போற அன்னைக்கி, "தங்கச்சி, பின்பக்கம் நாளாந்தம் ஒரு வாளி தண்ணி ஊத்தணும், மறந்துறாத"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு. போயிப் பாக்குறேன்... செடியுமில்ல கொடியுமில்ல. ஒரு குழி, நடுவுல ஒரு இரும்புப் பைப்பு மொளச்சு நிக்கிது. பைப்புக்கு எவளாவது தண்ணி ஊத்துவாளா? நட்டது பட்டுப்போச்சு போலன்னு நானே ஒரு அவரைய நட்டு ஊத்துனேன்.

பதினஞ்சே நாளு, கருகிருச்சு. மறுபடி மறுபடி நட்டேன், மறுபடி மறுபடி கருகிருச்சு. என்னடான்னு மண்ண நாக்குல வச்சுப் பாத்தா... உப்பு! வெறும் உப்பு! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். பக்கத்து லயன் வீட்டுக் கித்தேரியம்மா இருக்காளே, ஊறுகா போடுறவ, அவ வீட்டுலதேன் உப்பு மூட்ட மூட்டையாக் கெடக்கும். எனக்கு நாற்காலி வேல கெடச்ச வயித்தெரிச்சல்ல கொட்டிருக்கா! அன்னைக்கிலருந்து அவளோட பேச்சு வார்த்த கெடையாது. கோயில்லகூட மூஞ்சியத் திருப்பிக்கிருவேன்.

அப்புறம் குழியப் பூராம் தோண்டி, உப்பு மண்ணக் கூடை கூடையா அள்ளி ஓடைல கொட்டுனேன். உள்ள கரி வேற கெடந்துச்சு. அத அலசிக் கணப்புச் சட்டிக்கு வச்சுக்கிட்டேன். பழத்தோலு எரு போட்டு சவ்சவ் நட்டேன். பந்தலுக்கு மூணு காலு செல்வரோக்கு. நாலாவது காலுக்கு எங்க போவேன்? அதேன் சும்மா நின்ன பைப்ப உருவி, அந்தப் பாறை ஓரமாக் கொண்டுபோயி, சுத்தி கல்லக் குடுத்து நிப்பாட்டிட்டேன். அதுல கட்டிருந்த கம்பிய அறுக்கல தம்பி! அது பாட்டுக்கு நீளமாத்தேன் இருந்துச்சு. பதனமாக் கூடவே கொண்டுபோனேன்.

எப்பவா? நான் வந்து ஆறு மாசம் இருக்கும். லைன் எப்பக் கெட்டுச்சா? அதேன் அப்பவே சொன்னேனே, மொத ஆறு மாசம் நல்லா...

...

தம்பி?

எங்க போறீங்க? அய்யோ, அந்த மம்பட்டியக் கீழ போடுங்க! பைப்ப ஆட்டாதீங்க, பந்தல் சாயுது... சாஞ்சுருச்சே! மாதாவே... பிஞ்சு, அத்தனையும் பிஞ்சு தம்பி!

என்னது, இந்தப் பைப்புதேன் எர்த்தா, உப்பும் கரியும் தண்ணியும் அதுக்குப் போட்டதா? பழைய குழிலயே நடணுமா? கரியா? கெடக்கு, எரிச்சது போக ஒரு சாக்கு கெடக்கு. உப்பா? எம்புட்டு? பத்துப் படியா! அம்புட்டு உப்புக்கு நான் எங்க...

ஆண்டவரே. அவகிட்டயா?

...

வந்துட்டேன். இந்தாங்க, பத்துப் படி. குடுத்துட்டா தம்பி. ஒரு வார்த்த கேக்கல. ஒன்ர வருசமா ஏன் பேசலன்னுகூடக் கேக்கல. "இன்னுங் கொஞ்சம் வேணுமா அக்கா"ன்னு மட்டும் கேட்டா. அதுக்கு என்னைய நாலு வசவு வஞ்சிருக்கலாம். ஊத்துங்க, நல்லா ஊத்துங்க, இந்தா இன்னொரு கொடம். பன்னெண்டுக்கு அஞ்சு நிமிசந்தேன் இருக்கு. வெரசா!

விழுந்துருச்சு! பங்களா நம்பர்க் கதவு விழுந்துருச்சு! இருங்க...

ஹலோ! அய்யா... கேக்குதுங்கய்யா. ஒங்க வீட்டுக் கடியாரம் அடிக்கிறதுகூடக் கேக்குதுங்கய்யா... இல்லங்கய்யா, வேற யாரு பேசுறதுங் கேக்கல... கோளாறா? அது... மண்ணுலங்கய்யா. ஆமா, மண்ணுலதேன். மதுரத் தம்பி கண்டுபிடிச்சுட்டாரு... போர்டு இருக்கட்டுமா? ஸ்தோத்திரம்ங்கய்யா! நீங்க நல்லா இருக்கணும்!

யாரு, அம்மாவா? குடுங்கய்யா... சொல்லுங்கம்மா... ஞாயித்துக்கெழம விருந்தா... எத்தன கிலோ சவ்சவ்வு?... பிஞ்சாவா...

தம்பி, அந்தக் கொடி தேறுமா? தலைய அப்பிடி ஆட்டாதீங்க...

இல்லங்கம்மா, லைனுக்கு ஒண்ணுமில்ல. நீங்க சொன்னது ஒரு எழுத்து விடாமக் கேக்குது. கேக்கலன்னு சொல்லவும் வழியில்லாமத்தேன் நிக்கிறேன்.