உதடு ஒட்டும் எழுத்துகள்

நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஆங்கிலத் துறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வளாகங்கள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தை ஒவ்வொரு மாதிரி நடத்தினார்கள். ஒரு வளாகத்தில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன் இன்னொன்றுக்கு மாறினால் திருதிருவென்று விழிப்பான். எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம் எழுதும் வேலையை என்னிடமும், கடைக்கோடி வளாகத்தில் இருந்த தம்பியிடமும் கொடுத்தார்கள். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. அவன் என்னை அக்கா என்பான், அவ்வளவுதான்.

அவனுக்குத் திக்குவாய். வகுப்பில் ஒரு சொல் சிக்கிக்கொண்டால் பிள்ளைகள் காத்திருப்பார்கள். சாரே திக்கும்போது நமக்கென்ன வெட்கம் என்று அவர்களும் வாயைத் திறந்தார்கள். ஐந்து வளாகங்களிலும் ஆங்கிலத்தைக் கூச்சமில்லாமல் பேசியது அவனுடைய பிள்ளைகள்தான். பாடங்களில் பெரும்பகுதியும் அவன் எழுதியது. நான் காற்புள்ளிகளைத் திருத்தினேன்.

ஒருநாள் கூட்டம் முடிந்து ஒரே காரில் திரும்பினோம். எல்லாச் சொல்லும் சிக்குமா என்று கேட்டேன். சிரித்தான்.

"இல்லக்கா. உதடு ஒட்டுற எழுத்துதான் எனக்கு எமன். அதான் உங்கள அக்கான்னு கூப்பிடறேன். ம... ம... மேடம்னா விடிஞ்சிடும். இத வேற யார்கிட்டயும் சொன்னதில்ல."

அடுத்த கூட்டத்தில் துணைவேந்தர் அவனைப் பார்த்து, "எழுதினவரே இதுக்குத் தலைமை ஏத்துக்கட்டும்" என்றார். முதலில் கை தட்டியது நான்.

அந்த வாரமே பாடத்திட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தேன். இதை நடத்தும் ஆசிரியர்கள் எல்லாரும் முதலில் ஒரு குழுவின் முன்னால் ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசித்துக் காட்ட வேண்டும். நியாயம்தான் என்றார்கள். அவனும் தலையாட்டினான். பத்தியைத் தேர்ந்தெடுத்தது நான். துறைமுகத்தைப் பற்றியது. படகு, பாய்மரம், மூட்டை, மாலுமி. ஆங்கிலத்திலும் போட், மாஸ்ட், பேல், மரைனர் என்று அவையெல்லாம் உதட்டில்தான் தொடங்கும்.

அவன் எழுந்து நின்றான். முதல் சொல்லிலேயே வாய் மூடிக்கொண்டது. கண் பத்தியின் மேல் ஓடியது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. குழுவில் ஒருவர் இருமினார்.

"போதும் தம்பி. உக்காருப்பா" என்றேன், மெதுவாகத்தான்.

தலைமை எனக்கு வந்தது. அவன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது என்னை விசாரிக்கும் உங்களிடம் புகார் கொடுப்பதற்கு முன்னால் அவன் மனைவி என்னைத்தான் ஃபோனில் கூப்பிட்டாள்.

"வீட்லகூட வாயே திறக்கறதில்லக்கா. பொண்ணு அப்பான்னு கூப்பிட்டாலும் தலையத்தான் ஆட்டுறார். அன்னிக்கு அந்த ரூம்ல என்னதான் நடந்துச்சு?"

"எல்லாருக்கும் வச்ச அதே டெஸ்ட்தாம்மா" என்றேன். பொய் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு யாராவது அக்கா என்று கூப்பிட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது.

கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். தெரிந்தேதான் செய்தேன். அவன் எங்கே விழுவான் என்று பார்த்துப் பார்த்து, சொல் சொல்லாகப் பொறுக்கினேன்.

ஆனால் அவன் வாயடைத்து நின்றபோது எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தது அந்த அறையில் நான் ஒருத்திதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.