ரெண்டு மூட்டை உபகாரம்

— அப்படியே நிமிராதீங்க! முதல்ல ஒருக்களிச்சுப் படுங்க. காலு ரெண்டையும் சேர்த்துக் கட்டிலுக்குக் கீழ விடுங்க. ம்... இப்பக் கையை ஊண்டி எந்திரிங்க.

— ஏ செலினா, நாப்பத்தெட்டு வருசமா நானாத்தான் எந்திரிச்சேன்.

— அப்படி எந்திரிச்சுதான் இப்படிக் கெடக்கீங்க.

— ஆண்டவரே! புருசனுக்கே எந்திரிக்கச் சொல்லித் தர்றா.

— நானா சொல்றேன்? மிஷன் ஆஸ்பத்திரி பிசியோ ரூம்ல நதியா சிஸ்டர் சொன்னது. அங்க மட்டும் "சரி சிஸ்டர், சரி சிஸ்டர்"னு தலையை ஆட்டுனீங்கல்ல?

— அது மரியாதைக்கு ஆட்டுனது. இந்தா, எந்திரிச்சாச்சு. வாசல் வரைக்கும் நடந்தும் வந்தாச்சு. கேட்டுக்க புள்ள, நாளைக்கு வெள்ளனே நானும் சைட்டுக்கு வாரேன்.

— எங்க?

— வட்டக்கானலுக்குத்தான். அந்த கெஸ்ட் ஹவுசுக்கு நாளைக்குத் தளம் போடுறாங்கல்ல. உபகாரம்னு ஒருத்தன் இல்லாம தளமா?

— நல்லா இருக்கு நியாயம். இடுப்புப் புடிச்சு இன்னையோட ஒன்பது நாளுதான் ஆகுது. சைட்டுக்கு எறங்குற மடக்குப் படியில ரெண்டு சிமெண்ட் மூட்டையோட உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. நாலு பேரு பலகையில வச்சுல்ல மேல ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்தாங்க. அதுக்குள்ள மறந்துபோச்சா?

— அது சுளுக்கு. பாலமுருகன் மூணு மிதி மிதிச்சதுல பாதி எறங்கிருச்சு.

— அந்தப் பேச்சையே எடுக்காதீங்க! காலு முந்திப் பொறந்தவன்னா டாக்டராயிருவானா? அவன் மிதிச்ச பொறவுதான் உங்களுக்குக் கட்டை விரல் வரைக்கும் சுண்டி இழுத்துச்சு. சிஸ்டர் கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. கால் மரத்துப்போனாலோ, ஒண்ணுக்குப் போக முடியலன்னாலோ அந்த நிமிசமே ஓடியாரச் சொல்லியிருக்காங்க.

— அதெல்லாம் ஒழுங்காப் போவுது. அதையும் உன்கிட்ட வந்து ஒப்பிக்கணுமா?

— ஒப்பிங்க. யாரு வேண்டாம்னா?

— சிரிக்க வைக்காத புள்ள. சிரிச்சா இடுப்புல புடிக்குது.

— அப்ப வலிக்குதுல்ல! மாட்டுனீங்களா!

— ஆஸ்பத்திரியில குடுத்த பட்டையைக் கட்டிக்கிட்டு வந்தா ஒண்ணும் தெரியாது.

— பட்டையைக் கட்டுனா முதுகு இரும்பாயிருமா? பட்டையைக் கட்டிக்கிட்டுப் பழைய பாரத்தையே தூக்குனா, கடைசியில பட்டைதான் மிஞ்சும்னு சிஸ்டர் சொல்லியாச்சு. சும்மாவும் படுத்துக் கெடக்கக் கூடாது, மணிக்கு ஒருக்க எந்திரிச்சு நடக்கணும். தூக்குறது மட்டும் இப்போதைக்கு இல்ல.

— லாரி மேல ரோட்டுலயே நின்னுரும். அங்க இருந்து நூத்திப் பதினாலு படி. என் மூட்டையை யாரு எறக்குவா?

— எல்லாரும்தான். உங்களுக்குச் சொல்லாம ஒரு வேலை பண்ணிட்டேன். கோவப்படக் கூடாது.

— என்ன பண்ணுன?

— சேனாதிபதி மேஸ்திரிகிட்டப் பேசிட்டேன். மேல ரோட்டுலயே மூட்டையைப் பிரிச்சு, பாதி பாதியாக் கட்டி எறக்குறது.

— அரை மூட்டையா? அந்த ஆளு ஒத்துக்கிட்டாரா?

— முதல்ல சிரிச்சாரு. நடை கூடுமேன்னாரு. "நடை கூடட்டும் மேஸ்திரி, போன முதுகு கூடுமா?"ன்னு கேட்டேன். சரின்னுட்டாரு. நேத்து முத்துராஜுதான் முதல் ஆளா அரை மூட்டை தூக்குனான். சாயங்காலம் வந்து, "அக்கா, ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் முனகாமக் குனிஞ்சு செருப்பு மாட்டுறேன்"ங்கிறான்.

— போச்சு. கொடைக்கானல் பூரா ரெண்டு மூட்டை உபகாரம்னு பேரு. என் பொண்டாட்டி போயி அரை மூட்டை கேட்டுட்டு வந்திருக்கா!

— அந்த வீம்புதான் உங்களைக் கெடுத்துச்சு! ஊரே ஒத்தை மூட்டை தூக்குறப்ப உங்களுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு? அஞ்சு வருசமாத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், காதுல ஏறுச்சா? எனக்கு உங்க பேரு வேண்டாங்க. நீங்க வேணும். இன்னைக்குப் பூசையில கூட அதைத்தான் கேட்டு அழுதேன்.

— அது கெடக்கட்டும். அந்தச் சுடுதண்ணிப் பை கீழ விழுந்துருச்சு பாரு. எடுத்துக் குடு.

— இந்தாங்க. துணியைச் சுத்தி வைங்க, சுட்டுறப் போவுது.

— நில்லு. நீ ஏன் இப்படி எடுக்குற?

— எப்படி?

— முட்டியை மடக்கிக் குத்தவச்சு எடுக்குற.

— அப்படித்தான் எடுக்கணும். குனியக் கூடாது. பாரத்தை வயித்தோட அணைச்சுக்கணும். திரும்பணும்னா இடுப்பைத் திருகாம காலைத் திருப்பணும். உங்களுக்குச் செஞ்சு காட்டுறேன்.

— செவத்தைப் புடிச்சு எந்திரிச்சியே, அதுவும் சிஸ்டர் சொன்னதா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

— லேசா இடுப்பு வலிங்க. கலவைச் சட்டி சுமந்தேன்ல.

— சட்டியா? நீ தண்ணி ஊத்துற ஆளுல்ல?

— உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு இருந்தேன். கர்ப்பப்பை ஆபரேசன் ஆனதுல இருந்து மேஸ்திரி என்னை ஒரு கல்லுகூடத் தூக்கச் சொன்னதில்ல. செவத்துக்குத் தண்ணி ஊத்துறது, சாக்கை நனைச்சுப் போடுறதுன்னு லேசான சோலிதான். எப்பேர்ப்பட்ட மனுசன்னு ஞாயித்துக்கிழமை தவறாம அவருக்கு ஜெபம் பண்ணுவேன். நீங்க படுத்த மறுநாளே கூப்பிட்டு, "சட்டியைத் தூக்கு செலினா"ன்னுட்டாரு. என் மேல என்ன கோவமோ.

— எத்தனை நாளு சுமந்த?

— ஏழு நாளு.

— ஐயோ புள்ள! உன்னைக் குடம் கூடத் தூக்கக் கூடாதுன்னுல்ல டாக்டரு சொன்னாரு! நாளைக்கு?

— தளம்னா எல்லாரும்தான வரிசையில நிக்கணும். அதான் அரை மூட்டை பேசுறப்பவே அரைச் சட்டியும் பேசிட்டேன். சமாளிச்சிருவேன்.

— சட்டையை எடு. வெரசா எடு. நான் இப்பவே சேனாதிபதியைப் பாக்கணும்.

— அசையாதீங்க! இந்த இடுப்போட போயிச் சண்டை போடவா? அவரு மேல என்னங்க தப்பு? அஞ்சு வருசம் என்னைச் சும்மா வச்சிருந்தவரு.

— சும்மா வைக்கல செலினா.

— என்ன சொல்றீங்க?

— ஆபரேசன் முடிஞ்சு நீ வந்தப்ப, சுமக்க முடியாத சித்தாளு வேண்டாம்னுட்டாரு. நீயோ வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்னு அழுத. நீ அழுதா எனக்குத் தாங்காதுன்னு உனக்குத் தெரியாதா? அதான் அவருகிட்டத் தனியாப் போயிப் பேசுனேன். உன் தலையில சட்டி ஏறக் கூடாது, உன் பாரத்துக்கு நான் பொறுப்புன்னு.

— பொறுப்புன்னா?

— வீம்பெல்லாம் ஒண்ணும் இல்ல புள்ள. என் மூட்டை எப்பவும் ஒண்ணுதான். இன்னொண்ணு உன்னோடது.