பேர் கூப்பிடும்வரை

உண்மையைச் சொன்னால் எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. பல்லேகலையில் பெரிய ஆட்டங்கள் நடக்கும்போது தவறாமல் போவேன், ஆனால் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னைக் கழன்ற கேஸ் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வேண்டியது ஆட்டம் இல்லை, ஆட்டம் பார்க்கிறவர்கள். யார் எப்போது எழும்புகிறார்கள், தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகும் யார் இருக்கிறார்கள், மழை வந்தால் யார் முதலில் ஓடுகிறார்கள். இதையெல்லாம் நேரம் போட்டுக் குறித்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. யாருக்கும் தொந்தரவு இல்லாத சந்தோஷம்.

ரிஸ்மி சேர், வாக்குமூலத்தை அமைதியாக, முதலில் இருந்து சொல்லுங்கள் என்றீர்கள். அப்படித்தான் சொல்கிறேன். நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. என் பேர் லூக்காஸ், வயது நாற்பத்திரண்டு. கண்டியில் ஒரு தனியார் கல்லூரியில் விளையாட்டு முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். கலாநிதிப் பட்டத்துக்காக ஏழு வருஷமாக ஓர் ஆய்வு செய்கிறேன். தேயிலைத் தோட்டத்து மென்பந்துக் கிரிக்கெட் போட்டிகளில் ரசிகர்களின் விசுவாசம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் விஷயம்.

முதல் ஐந்து வருஷம் வினாக்கொத்திலேயே போய்விட்டது. ஹந்தானைப் பக்கத்து லயங்களில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், வீடு வீடாக ஏறி இறங்கினேன். இருபத்தைந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. 'என் அணி தோற்றாலும் மைதானத்தை விட்டுப் போகமாட்டேன்' என்று வாசித்தேன். "ஆமாங்க சேர், அஞ்சு போடுங்க" என்றார்கள். 'என் அணி தோற்றால் உடனே போய்விடுவேன்' என்றும் வாசித்தேன். அதற்கும் "ஆமாங்க சேர், அஞ்சு." கோப்போடு வந்தவன் மனசு நோகக்கூடாது என்று தேத்தண்ணியும் தந்து ஐந்தும் தந்தார்கள். நானூறு பேரைக் கேட்டேன், நானூறு பேரும் ஒரே ஆள்.

என் மேற்பார்வையாளர் ஒரு பேராசிரியை. அந்தக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "லூக்காஸ், இவங்க மனுஷங்களா, போட்டோகொப்பியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த வருஷம் டிசம்பருக்குள் ஏதாவது ஒரு வித்தியாசத்தைக் காட்டாவிட்டால் பதிவை ரத்துச் செய்வார்கள் என்பதையும் அதே சிரிப்போடுதான் சொன்னார். எனக்குப் பயம் வந்தது. ஏழு வருஷம் ஒன்றுமே இல்லாமல் போகும் என்ற பயம். அந்தப் பயத்தோடு ஒரு வருஷம் சாப்பிட்டேன், தூங்கினேன், படிப்பித்தேன். நீங்கள் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். அதிலும் அதே கதைதான். வெயில் அடித்தால் எல்லோரும் இருந்தார்கள், மழை வந்தால் எல்லோரும் ஒன்றாக ஓடினார்கள். ஓடவேண்டியவர்களை யாராவது பிடித்து வைத்தால்தானே, யார் எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்று தெரியும்? அந்தக் கேள்வி தப்பா? படித்தவர்கள் யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள்.

அவர்களை எது பிடித்து வைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நானும் லயத்தில் பிறந்தவன்தான். காலையில் வேலைக்கு முன் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில், செக்ரோல் என்ற வரவுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு, பேர் விழுந்து, புத்தகத்தை மூடும்வரை ஒருவரும் நகரமாட்டார்கள். காய்ச்சலோடு நிற்பார்கள், கைப்பிள்ளையோடு நிற்பார்கள். பாதியில் போனால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். பேரே விழாவிட்டால் அன்றைக்கு அந்த ஆளே இல்லை. இதை வெளியிலிருந்து வருகிற ஓர் ஆய்வாளன் கண்டுபிடிக்கப் பத்து வருஷம் எடுக்கும். எனக்கு அது இரத்தத்தில் இருந்தது.

கண்டியில் ஒரு கடையில் நீளமான, சிவப்பு முதுகுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பார்த்தால் செக்ரோல் மாதிரியே இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இறுதியாட்டம். தோட்டத்து மைதானம் உங்களுக்குத் தெரியும், நீங்களே போய்ப் பார்த்தீர்கள். ஒரு பக்கம் மலையை வெட்டிய மண்மேடு, அதில் படிபடியாகச் செதுக்கிய இருக்கைகள், உச்சியில் தண்ணீர் ஓடும் ஒரு கான், அதற்கு மேலே தேயிலை. கீழ்ப்பிரிவுக்காரர்கள் அந்த மேட்டில்தான் எப்போதும் உட்காருவார்கள். எண்பது பேரைத் தெரிவு செய்தேன். நாற்பது பேரின் பேரைப் புத்தகத்தில் எழுதி, "கடைசியில பேர் கூப்பிடுவேன், இருங்க" என்று சொன்னேன். மற்ற நாற்பது பேருக்கு ஒன்றும் சொல்லவில்லை. எதற்குப் பேர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. புத்தகத்தில் பேர் இருந்தால் ஏதோ வரும், இல்லாவிட்டால் ஏதோ போய்விடும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நான் பொய் எதுவும் சொல்லவில்லை, சேர்.

மேட்டின் அடியில் மேசை போட்டு, பொலித்தீன் விரிப்புக்குக் கீழே உட்கார்ந்தேன். உதவிக்கு என் மாணவி கஜனி வந்திருந்தாள். கடுகண்ணாவைப் பிள்ளை, இருபத்தொரு வயது, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற பழக்கம். நல்ல ஆய்வாளராக வந்திருப்பாள்.

ஒக்டோபர் மாதம், மத்தியானத்துக்குப் பிறகு மழை வராமல் இருக்காது. இரண்டு நாற்பதுக்கு வந்தது. பத்து நிமிஷத்தில் ஆட்டத்தை நிறுத்தினார்கள், விளையாடியவர்கள் மூலையில் இருந்த கொட்டகைக்குள் போய்விட்டார்கள். மூன்று மணிக்குள் பேர் எழுதாத நாற்பது பேரும் இறங்கி ஓடிவிட்டார்கள். பேர் எழுதிய நாற்பது பேரும் இருந்தார்கள். உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு, என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பத்தியிலும் இரண்டு வேறு எண்கள். இரண்டையும் சுற்றி வட்டம் போட்டேன். அது சந்தோஷம்.

மூன்று இருபதுக்குக் கஜனி மேலேயிருந்து வந்தாள். போனில் ஒரு படம் காட்டினாள். கானுக்கு மேலே, தேயிலை நிரைகளுக்கு நடுவில், நிலம் நீளமாக வெடித்திருந்தது. அவள் தன் கையை உள்ளே விட்டுப் படம் எடுத்திருந்தாள், மணிக்கட்டு வரை போயிருந்தது.

"சேர், இவங்கள அனுப்பிருவோம். எனக்குப் பயமா இருக்கு சேர்."

பழைய வெடிப்பாக இருக்கும் என்றேன். "காலையில இருக்கல சேர், நான் பாத்தேன்" என்றாள். சொன்னேனே, எதையும் இரண்டு தடவை பார்க்கிற பிள்ளை. இப்போது எழுப்பினால் அவர்களாகப் போனதா, நாங்கள் அனுப்பியதா என்று பிரித்தறிய முடியாது, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று விளங்கப்படுத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை.

மூன்றரைக்கு வேலாயி இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், இன்னும் கொழுந்து எடுக்கிறவர். கீழ்ப்பிரிவுக் கப்டன் சுரேஸின் அம்மா. மேசைக்கு முன்னால் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சேர், மேல நிக்கையில காலுக்குக் கீழ என்னமோ அசையிற மாதிரி இருக்குங்க. பயமா இருக்குங்க. அரைப்பேராச்சும் போட்டுருங்க, நான் போயிர்றேன்."

"இன்னும் கொஞ்ச நேரம்தான் அக்கா" என்றேன். அக்கா என்றுதான் சொன்னேன், மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. அவர் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டுத் திரும்ப மேலே ஏறினார். புத்தகத்தில் அவருடைய கட்டத்தில் 'தயக்கம், 3.30' என்று குறித்தேன். அப்படி ஒரு குறிப்பு எந்த வினாக்கொத்திலும் கிடைக்காது.

சுரேஸ் இதைக் கொட்டகையில் இருந்து பார்த்திருக்கிறான். மழைக்குள் ஓடி வந்து கீழே நின்று கத்தினான்.

"அம்மா, எறங்கி வா! என்னத்துக்கு அங்க நனையிற?"

"பேரு இன்னும் கூப்பிடலப்பா" என்றார் வேலாயி.

அவன் என்னிடம் திரும்பினான். அந்தப் பையனிடம் மரியாதை இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். "சேர், புத்தகத்த மூடுங்க. நீங்க மூடினாப் போதும், எல்லாரும் எறங்கிருவாங்க. நாங்க சொன்னாக் கேக்கமாட்டாங்க" என்றான். இதைவிடச் சுருக்கமாக என் ஆய்வின் முடிவை நானே எழுதியிருக்க முடியாது. ஐந்து நிமிஷம் கொடு தம்பி என்றேன். அவன் கொட்டகையில் இருந்த மற்றவர்களைக் கூட்டிவரப் போனான்.

அதற்குப் பிறகு மேட்டின் அடியில் தண்ணீர் வந்தது. மழைத் தண்ணீர் இல்லை, மண்ணுக்குள்ளிருந்து வந்தது, பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில். என் செருப்பு நனைந்தது. எனக்கு ஒன்பது வயதில் எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்படித்தான் தண்ணீர் வந்தது. அன்றைக்கு எங்கள் அப்பா எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமான் எடுக்க நின்றார்கள். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

கஜனி என்னிடம் திரும்பக் கேட்கவில்லை. தானாகவே மேலே ஏறினாள். ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தாள். சுரேஸும் மற்றப் பொடியன்களும் கொட்டகைப் பக்கம் நின்று கத்திக் கூப்பிட்டார்கள். சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. அவளிடம் புத்தகம் இல்லையே. "பேரு வுழுந்துருச்சா தங்கச்சி?" என்று ஒருவர் கேட்டது எனக்குக் கேட்டது. விழுந்துவிட்டது என்று அவள் பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நாலு மணிக்கு மேட்டில் இருபத்து மூன்று பேர்.

நாலு எட்டுக்கு மண் இறங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் உச்சியில் இருந்த தேயிலை நிரை அப்படியே, நேராக, ஒரு செடியும் சாயாமல் கீழே வந்தது. பிறகு மேடு முழுவதும் ஒரே நேரத்தில், இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரை, மைதானத்தின் பாதி வரைக்கும் வந்து நின்றது. மேட்டில் இருந்தவர்கள் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். நேற்று இங்கே மழை பெய்தபோது நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன், உங்கள் கொன்ஸ்டபிள் பார்த்தார்.

ஒன்பது பேர், சேர். வேலாயியும் அதில். சுரேஸும் மற்றப் பொடியன்களும் துடுப்பு மட்டையாலும் கையாலும் தோண்டித்தான் மற்றவர்களை உயிரோடு எடுத்தார்கள். கஜனியையும் சேர்த்தால் பத்து என்று நீங்கள் சொல்கிறீர்கள். சரி. ஆனால் கஜனியின் பேர் புத்தகத்தில் இல்லை, என் இரண்டு குழுவிலும் அவளைச் சேர்க்க முடியாது. அவளுடைய அம்மா, ஷாமலா, மரண வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்க பக்கத்துல இருந்தீங்களே சேர், அவ பயந்தாளா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னது. அதை எப்படிப் பொய் என்பது?

மழையை நான் பெய்ய வைக்கவில்லை. மலையை நான் வெட்டவில்லை. யாரையும் கட்டி வைக்கவில்லை, யாரையும் மறிக்கவில்லை. போகிறேன் என்று எழும்பிப் போன பதினேழு பேரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தவர்கள் அவர்களாக இருந்தார்கள். இதைத்தான் முதல் நாளும் சொன்னேன்.

இப்போது நீங்கள் பேனையை வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். "மேசைய மண்ணுக்குள்ள இருந்துதான் எடுத்தோம் மாஸ்டர். மேட்டுக்கு அடியில இருந்த ஆளுக்கு, அது இந்த மூலையில இருந்து அந்த மூல வரைக்கும் எறங்கினது எப்படித் தெரிஞ்சது?"

நல்ல கேள்வி. ஒருவர் எங்கேயிருந்து பார்த்தார் என்று கேட்காமல் எந்த அவதானிப்பையும் ஏற்கக்கூடாது என்று நானே மாணவர்களுக்குச் சொல்வேன்.

நான் மேசையில் இருக்கவில்லை, சேர். மூன்று நாற்பத்தொன்றுக்கே மைதானத்தின் மறுபக்கம் போய்விட்டேன், ரோட்டோரம், மண் எட்டாத இடத்துக்கு. சாரல் அடித்து எழுத்து அழிந்துவிடும் என்று போனதாகச் சொல்ல நினைத்திருந்தேன். சாரல் ரோட்டுப் பக்கமிருந்துதான் அடித்தது. அந்தத் தண்ணீரைக் கண்டதும் எனக்குக் குலை நடுங்கியது, அதனால்தான் போனேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் புத்தகம். மூடினால் பெரட்டு முடிந்தது என்று நினைத்து எழும்பிவிடுவார்கள், அதனால் திறந்தபடியே, அவர்களுக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு போனேன்.

கால்கள் ஓடச் சொல்லிக் கெஞ்சின. ஆனாலும் நடந்துதான் போனேன். நான் ஓடியிருந்தால் அவர்களும் ஓடியிருப்பார்கள்.