தண்ணிச் சத்தம் நின்ன நாள்

— வந்ததும் வராததுமா என்ன ஆராய்ச்சி? முதல்ல செருப்பைக் கழட்டு.

— மாடிக் கதவு திறந்திருக்கே. யாருங்க வந்தாங்க?

— காத்துக்குத் திறந்திருக்கும்.

— தாழ்ப்பாள் போட்ட கதவா?

— லேப்காரம்மா... ரத்தத்தைச் சோதிக்கிறதோட நிறுத்திக்கோ. என்னைச் சோதிக்காதே.

— சரி, கேக்கல. கீரையைப் பாத்துட்டு வர்றேன்.

— கீரையாம் கீரை! மண்ணு இல்ல, எரு இல்ல... குழாய்ல ஓட்டை போட்டுச் செடியைத் தொங்கவிட்டுட்டு...

— இருபத்தஞ்சே நாள்ல பறிச்சுடலாம்ங்க. களை எடுக்க வேண்டாம். ஒரு தொட்டித் தண்ணியே சுத்திச் சுத்தி வந்து பத்து நாள் தாங்குது. இதுல என்ன குறை கண்டீங்க?

— பெருமையைப் பாரு. மூணாவது குழாயைச் சரிவா வைக்கல, வாட்டமே இல்ல. தண்ணி வழிஞ்சு போகாமத் தேங்கி நிக்குது. வேர் அழுகிடும்.

— வாட்டம் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஏணியில இருந்து விழுந்து எட்டு மாசம். எலும்பு கூடிடுச்சு, நடங்கன்னு டாக்டர் சொல்லியே அஞ்சு மாசம் ஆச்சு. பாத்ரூமைத் தவிர வேற எங்கேயும் போகல நீங்க. படுத்துக்கிட்டே வாட்டம் பாத்தீங்களா?

— இருபது வருஷமா பிளம்பர்டி நான். சத்தத்துலயே சொல்லிடுவேன்.

— ம்... சொல்லுவீங்க. முழங்கையில என்ன சிராய்ப்பு?

— ...சரி, போனேன். போதுமா?

— மாடிக்கா?

— நீ கிளம்பின கையோட தண்ணிச் சத்தம் நின்னுபோச்சு. நாளெல்லாம் தலைக்கு மேல சலசலன்னு... திட்டிக்கிட்டேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நின்னதும் வீடே செத்த மாதிரி ஆயிடுச்சு.

— எனக்கு போன் பண்ணியிருக்கலாமே?

— மூணு தடவை பண்ணினேன். எங்க எடுத்தே?

— ...லேப்ல கூட்டம்.

— மண்ணுல இருந்தா ரெண்டு நாள் தாங்கும். இதுங்களுக்குத் தண்ணியை விட்டா வேற போக்கு ஏது? வெயில்ல கொஞ்ச நேரத்துலயே வாடிடும்னு நீதானே சொன்னே? மேல அத்தனையும் சாகக் கிடக்கு... கீழ ஒரு பிளம்பர் சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கேன். வெக்கமா இருந்துச்சுடி.

— அந்தக் குறுகல் வெளிப்படியில எப்படிங்க ஏறினீங்க?

— உக்காந்துக்கிட்டே, பின்பக்கமா. ஒவ்வொரு படியா. பாதியில பயம் வந்துடுச்சு. ஏறவும் முடியல, இறங்கவும் முடியல... சின்னப் பிள்ளை மாதிரி அழுதுட்டேன். நல்லவேளை, யாரும் பாக்கல.

— அப்புறம்...?

— அப்புறமென்ன, மோட்டார் வாயில ஒரு துணி சிக்கியிருந்துச்சு. உருவினேன், ஓடிடுச்சு. செடியெல்லாம் இடுப்பு உயரத்துல... குனியாமலே ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தேன். பொழைச்சுக்கிச்சு. நாளைக்கு அந்த மூணாவது குழாயைச் சரி பண்றேன். நீ தொட்டி பக்கத்துல துணி காயப்போடாதே... ஏய், எதுக்கு அழறே? துணி பறந்து விழுந்ததுக்கெல்லாமா அழுவாங்க?

— பறந்து விழலைங்க. நான்தான் திணிச்சேன். லேப்புக்கும் போகல... பக்கத்து வீட்டு மாடியில நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்க பாதிப் படியில உக்காந்து அழுதப்போ, ஓடி வந்துடக் கூடாதுன்னு அவங்க வீட்டுக் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.