கன்னியாஸ்திரி தட்டும் சுவர்

மாலை நாலரை மணி. டிசம்பர். தாலின் பழைய நகரத்தில், கோட்டைச் சுவரை ஒட்டிப் போகும் ஒரு சந்து. மூன்றரைக்கே இருட்டிவிட்டது. ஆள் நடமாட்டமே இல்லை...

விர்வே இப்படித்தான் ஆரம்பித்தாள். சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையின் மேல் பலகையில் நாங்கள் நான்கு பெண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விளக்கை அவளே அணைத்திருந்தாள். அடுப்பின் இடுக்கில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு.

"அளக்காம சொல்லுடி, வெந்துக்கிட்டு இருக்கேன்," என்றாள் கிர்ஸ்டி.

"வாயை மூடிட்டு வேகு. இது என்கூட வேலை பார்க்கிற உர்வே வீட்டுல நடந்தது."

உர்வேயின் கணவன் தார்வோ சுற்றுலா வழிகாட்டி. பின்லாந்திலிருந்து கப்பலில் வருகிறவர்களுக்கு, கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று சுற்றிக் காட்டுவான். அதில் ஒன்று அவனுடைய சொந்தச் சரக்கு. அந்தச் சந்திலுள்ள கல்சுவர். காதலித்த குற்றத்துக்காக ஒரு கன்னியாஸ்திரியை உயிரோடு உள்ளே வைத்துக் கட்டினார்கள் என்பான். காதை வைத்தால் அவள் தட்டுவது கேட்கும் என்பான்.

கேட்கும். சுவருக்குப் பின்னால் ஒரு நிலவறை. அதற்குள் உர்வேயின் தங்கை லேலோ, பத்தொன்பது வயது, மரச் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பாள். மூன்று தட்டு... நிறுத்தம்... மூன்று தட்டு. ஒருமுறை யாரோ கொல்லைப்புறமாக வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து தார்வோ வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவான்.

அன்று கடுங்குளிர். தகரச் சட்டியில் கரி மூட்டி அவளருகே வைத்தான்.

"புகையுது அத்தான். தலை சுத்துது. கதவை ஒருக்களிச்சாவது வைங்க."

"அறுநூறு வருஷம் முன்னாடி செத்தவளுக்கு மூச்சு எதுக்குடி? தட்டு, போதும்."

தாழ்ப்பாள் விழுந்தது. டக்.

நாலரைக்கு முதல் கூட்டம். காதை வைத்தார்கள். மூன்று தட்டு... நிறுத்தம் வரவில்லை. தட்டல் நிற்கவே இல்லை. சுத்தியல் சத்தம் போய், கையால் அடிக்கிற சத்தம். அப்புறம் நகம் கல்லில் கீறுகிற சத்தம். கல்லிடுக்கில் கரிப்புகை நாற்றம்.

"உள்ளே யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே. திறந்து பாருங்களேன்," என்றாள் ஒரு பின்லாந்துக்காரி.

"திறந்தா என் பொழப்பு போயிடும்மா. இவ்வளவு கோவமா அவ தட்டி நானே பார்த்ததில்லை. உங்க அதிர்ஷ்டம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் உள்ளேயும் கேட்டிருக்கும்.

மைத்துனி அடம் பிடிக்கிறாள் என்றுதான் தார்வோ நினைத்தானாம். ஐந்தரைக்கு இரண்டாம் கூட்டம். மூன்று தட்டு... நிறுத்தம்... மூன்று தட்டு. பிசகே இல்லை. ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டாள் என்று அவனுக்குத் திருப்தி.

ஆறு மணிக்குத் தாழ்ப்பாளை எடுத்தான். லேலோ கதவடியில் கிடந்தாள். விரல் முட்டிகளில் தோலே இல்லை. ஐந்து மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

விர்வே அடுப்பின் சூடான கற்கள் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். ஸ்ஸ்ஸ்...

"அப்போ... அஞ்சரைக்குத் தட்டினது?" என்றாள் கிர்ஸ்டி.

"குறுக்கே பேசாதே."

தாழ்ப்பாள் விஷயம் போலீசுக்குத் தெரியாது. குடித்த ஒரு ராத்திரி தார்வோவே உர்வேயிடம் உளறியது. உர்வே அன்றே வீட்டைவிட்டு வந்துவிட்டாள். நிலவறைக்குள் கல்லும் மண்ணும் கொட்டி, கதவிருந்த இடத்தைச் செங்கல்லால் அடைத்தார்கள். தார்வோ அந்த இடத்தை விடவில்லை. ஏன் விடுவான்? ஆள் இல்லாமலே சுவர் தட்டியது. நாலரைக்கும் ஐந்தரைக்கும், தினமும்.

உர்வே தனியாகப் போய்க் காதை வைத்தாள். "லேலோ... அக்கா வந்திருக்கேன்டி..." ஒன்றுமில்லை. எத்தனை நாள் போனாலும் ஒன்றுமில்லை. அவன் கூட்டத்தோடு வந்தால்தான் தட்டுவாள். செத்தும் அவனுக்கே வேலை.

ஒருநாள் உர்வே தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் கூட்டத்தோடு நின்றாள். மூன்று தட்டு... நிறுத்தம்... அந்த நிறுத்தத்தில், தன் முட்டியால் பதிலுக்கு மூன்று தட்டினாள்.

சுவர் அடங்கிப்போனது.

பிறகு அவள் காதுக்கு நேரே மெல்ல ஒரு தட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தட்டல் சுவர் நெடுக நகர்ந்தது. வேகமாக. மூலை திரும்பி, கொல்லைப்புறம்... உர்வே கூடவே ஓடினாள். செங்கல் அடைப்புக்கு வந்து, தாழ்ப்பாள் இருந்த உயரத்தில் நின்றது. அங்கேயே அடித்தது. இரண்டு கையாலும்.

உர்வே செங்கல்லைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. பின்னாலேயே தார்வோவும் கூட்டமும் வந்துவிட்டார்கள். அவளை அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

"பார்த்தீங்களா? சில பேரைப் பிடிச்சும் ஆட்டும்," என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். "வாங்க, அடுத்து டவுன் ஹால் சதுக்கம். பட்டை போட்டு வறுத்த பாதாம் சூடா கிடைக்கும்."

தார்வோவின் பின்னாலேயே கூட்டம் கிளம்பியது. உர்வே செங்கல்லில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். தட்டல் நின்றிருந்தது. கேமரா வைத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் போகவில்லை. அவளைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்மா... ரெண்டு பேரும் இப்படித் திரும்புங்க."