அவிழ்க்காத காப்பும் ஐந்தரை மணிச் சாளரமும்

பதுளை, தேன்கல்மலைத் தோட்டத்து மருந்தகத்தில் மருந்தாளராகப் பதினான்கு ஆண்டுகள் பிணி தீர்த்துப் பணிநிறைவு பெறும் திருமிகு ஆ. பரமலிங்கம் ஐயா அவர்களுக்குத் தோட்டத்து உத்தியோகத்தரும் தொழிலாளரும் வாசித்தளித்த மடல்

அருமருந்தன்ன அண்ணலே!

மஞ்சு தவழும் மலைமுகட்டில் ஞாயிறு இன்னும் முகம் காட்டாத இவ்வேளையில், கொழுந்தின்மேல் கிடக்கும் பனி கூட எழுந்து போகாத இக்குளிரில், கம்பளி போர்த்தும் கைகட்டியும் தங்கள் மருந்தகத்துச் சாளரத்தின் முன் நிற்கிறோம். பிரியாவிடை என்றால் மாலைப் பொழுதில், மன்றத்து மண்டபத்தில், நாற்காலி வரிசையிட்டு நடப்பதே உலக வழக்கம். அவ்வழக்கத்தை விட்டு, விடியுமுன் ஐந்தரை மணிக்கு இங்கே வந்து நிற்பதேன் என்பதை இம்மடலே சொல்லும்.

பண்பின் பெட்டகமே!

வெள்ளையர் கொடி இறங்கிய ஆண்டில் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலிருந்து இச்செங்குத்து மலைக்கு ஏறி வந்தீர்கள். வந்த நாள் முதல் அம்மை கண்ட குழந்தைக்கும், அட்டை கடித்துப் புண்பட்ட காலுக்கும், பேறுகாலத்தில் துடித்த பெண்ணுக்கும் ஒரே முகம், ஒரே குரல், ஒரே கைப்பக்குவம். காலைப் பதிகம் பாடி முடித்த நாவோடு, நீறு உலராத நெற்றியோடு, நோயாளியின் நாடியைத் தொட்டீர்கள். அடைமழையில் வழி சரிந்த ஒரு நாள், வெலிமடையிலிருந்து கிழங்கேற்றி வந்த லொறியை மறித்து, மூட்டைகளின் மேல் நோயாளியைக் கிடத்தி, தாங்களே குடைபிடித்துப் பதுளைக்குக் கொண்டு சென்றதை நேரில் கண்டவர் இங்கு பலர். இவற்றை அடுக்கினால் மடல் நீளும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகும். ஆதலின் ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் சொல்லி, அதனுள்ளே தங்கள் பெருமை அனைத்தையும் அடக்க முயல்வோம்.

கதைக்கு உரியவர்களிடம் இசைவு கேட்டோம். “பேரைச் சொல்லியே வாசிங்க. குடிச்சப்ப ஊரைக் கூட்டிக் கத்தினேன். நிப்பாட்டினதை மட்டும் காதுக்குள்ளயா சொல்றது?” என்றார் அழகர். அவர் மனைவி இராக்கம்மா தலையசைத்தார். இராக்கம்மாவின் கதையாகவே அதைச் சொல்கிறோம்.

மூன்றாம் லயத்து வீட்டு வரிசையின் கடைக்கோடிக் காம்பராவில் இராக்கம்மா குடியிருந்தார். அவர் கணவர் அழகர் கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்தால் தேயிலைச் செடி தலை குனிந்து நிற்கும். சாராயத் தவறணையின் வாசலில் அவரே தலை குனிந்து கிடப்பார். ஆயினும் மாசி மாதம் பிறந்து, காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றி, காமன் வேடம் பூணும் அழகரின் மணிக்கட்டில் பூசாரி காப்புக் கட்டிவிட்டால், ஒரு சொட்டுச் சாராயம் அவர் உதட்டில் படாது. அந்நாட்களில் அடுப்புக்கு விறகு அவர் கையால் வரும். பிள்ளைகள் தகப்பன் மடியில் உறங்கும். காமனை எரிக்கும் தகனம் முடிந்து காப்பு அவிழ்க்கும் நாளில் கோழியடித்து, போத்தல் உடைத்து, விரதம் இருந்தவருக்கு உறவினர் விருந்து வைப்பர். அந்த விருந்தோடு இராக்கம்மாவின் நல்ல காலமும் எழுந்து போகும். ஓராண்டுக்கு இரண்டு வாரம் என்று அவர் தம் வாழ்வை அளந்து கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு புரட்டாதியில், போதையோடு மலைக்குப் போன அழகர் கவ்வாத்துக் கத்தியால் தம் காலையே வெட்டிக்கொண்டார். இன்னொரு முறை இப்படி வந்தால் பத்துச்சீட்டு என்று பெரிய துரை தீர்த்துச் சொல்லிவிட்டார். பத்துச்சீட்டுக் கிழிந்தால் வேலை போகும். வேலையோடு காம்பராவும் போகும். பிரசாவுரிமையும் பறிபோயிருந்த அக்காலத்தில், மூன்று பிள்ளைகளோடு வெளியேறும் இராக்கம்மாவுக்குப் போய்ச் சேர வேறொரு தோட்டமும் இல்லை, திரும்பிப் போக ஓர் ஊரும் இல்லை.

தாங்கள் துரையோடு வாதாடி, மருந்தகத்தின் பின்னறையில் இரண்டு கட்டில் போட்டு, அழகரை முப்பது நாள் உள்ளே வைத்துப் பார்த்தீர்கள். நடுக்கம் நின்றது, கால் ஆறியது, கன்னத்தில் சதை பிடித்தது. முப்பதாம் நாள் கணவரை அழைத்துச் செல்ல வந்த இராக்கம்மா, தாம் அறிந்த முறை ஒன்றையும் விடவில்லை. மஞ்சள் நீர் வைத்தார், தேங்காய் உடைத்தார், ஆசையாய் வளர்த்த சேவலை அடித்தார். தமையன் இராசையா கங்காணி தவறணையிலிருந்து போத்தலோடு வந்தார்.

“சாமிகூட இத்தனை நாள் விரதம் இருந்ததில்ல மச்சான்! ஒரே ஒரு வாய். எந்தங்கச்சி கையால குடிங்க.”

இராக்கம்மாவே ஊற்றிக் கொடுத்தார். கட்டிய காப்பை அவிழ்ப்பது நல்ல முறையில் நடக்கவேண்டும் என்பதன்றி அவர் நெஞ்சில் வேறெண்ணம் இல்லை. பொழுது சாய்வதற்குள் அழகர் தவறணை வாசலில் கிடந்தார்.

மறுநாள் இந்தச் சாளரத்தின் முன் வந்து நின்று, “நாந்தாய்யா ஊத்திக் குடுத்தேன். நானே குடுத்தேன்” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டபோது, தாங்கள் சொன்ன மறுமொழியை நாங்கள் மறக்கவில்லை.

“உன்னிலை பிழை இல்லைப் பிள்ளை. வெளியிலை விடுறவன் சொல்லி விட்டிருக்கவேணும். நான் சொல்லேல்லை.”

தன் பிழையைத் தானே தாங்கிய தகைமையே!

அடுத்து என் செய்வது என்று அன்று இம்மருந்தகத்தில் ஒரு விவாதம் நடந்தது. இம்மடலில் கையொப்பமிடும் தலைமை எழுதுவினைஞர் தர்மராசா அன்று உரத்துப் பேசியவர். அவரும் தம் பெயரை மறைக்க வேண்டாம் என்கிறார்.

“மூண்டு மாசம் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலை பூட்டி வையுங்கோ, ஐயா. இஞ்சை விட்டால் கூப்பிடு தூரத்திலை தவறணை. அதுக்கும் கிட்டத்திலை மச்சான்மார்.”

தங்களுக்கும் அதுவே சரியெனப் பட்டது. கடிதம் எழுத எழுதுகோலை எடுத்தும் விட்டீர்கள். வாயிலில் கூடையோடு நின்ற இராக்கம்மா மெல்லக் கேட்டார்:

“பூட்டி வைக்கிறது சரிங்க. ஆனா கட்டினதை ஒரு நாளைக்கு அவுக்கத்தானேங்க வேணும்? அவுத்து விடுற அன்னைக்கு நான் என்னங்க செய்யிறது?”

எழுதுகோல் நின்றது. தாங்கள் அதைக் கீழே வைத்தீர்கள். பின்னர், “அப்ப, அவிழ்க்காத காப்பு ஒண்டு உன்னட்டை இருக்கோ?” என்றீர்கள், பாதி விளையாட்டாக.

“தெனைக்கும் காலையில கட்டிக்கிட்டா அவுக்க நேரமிருக்காதுங்களே” என்றார் அவர், விளையாட்டேயின்றி.

எழுத்தறியாத அம்மையின் சொல்லை ஏற்றுக்கொண்ட இதயமே! படித்தவர் பலருக்கு வாய்க்காத பணிவு தங்களுக்கு அந்தக் கணத்தில் வாய்த்தது. நடுக்கம் தீரும் வரை ஐந்து நாள் மட்டும் கட்டில். அதன்பின் வேலையும் வீடும் விடாமல், நாள்தோறும் பெரட்டுக்கு முன் ஐந்தரை மணிக்கு இந்தச் சாளரத்தில் வந்து நின்று ஒரு கோப்பை மருந்து. அன்றைய நாளுக்கு மட்டும் ஒரு வாக்கு. முடிவு நாள் இல்லை. முடிவு நாள் இல்லாததால் விருந்தும் இல்லை.

இதனால் தாங்கள் கட்டிலை இகழ்ந்தீர்கள் என்று யாரும் எண்ணலாகாது. கள்ளச்சாராயமாம் கசிப்புக் காய்ச்சும் பானை தன் வீட்டு அடுப்பிலேயே இருக்க, தானும் குடிக்கு ஆட்பட்ட நல்லம்மாவை இரண்டு மாதம் பின்னறையில் தங்கவைத்து, வெளிவரும்போது வேறு லயத்தில் காம்பரா கேட்டு வாங்கிக் கொடுத்தவரும் தாங்களே. வீடே நோயாக இருப்பவருக்கு வீட்டுக்கு வெளியே மருத்துவம். வீடே துணையாக இருப்பவருக்கு வீட்டிலிருந்தே மருத்துவம். ஒருவரின் சட்டையை மற்றவருக்கு மாட்டாத மதியூகியே தாங்கள்!

அழகர் முதற் கோப்பையை வாயில் வைத்ததும் முகம் கோணிய கோணல் இன்றும் எங்களுக்குச் சிரிப்பூட்டும்.

“டாக்டரய்யா, இது குடியை நிப்பாட்டுமுங்களா?”

“இல்லை. இது பசியைக் கிளப்பும். குடியை நிப்பாட்டுறது நீ.”

“அப்ப எதுக்குங்க இந்தக் கசப்பு?”

“இனிச்சால் நீ இரண்டாந்தரமும் வரிசையிலை நிப்பாய்.”

சோதனை மாசியில் வந்தது. அழகர் காமன் வேடம் பூண்டார், காப்புக் கட்டினார், காப்பு அவிழ்ந்தது, அன்று மாலை குடித்தும் விட்டார். மறுநாள் ஐந்தரைக்கு அந்த வாடையோடு, நிமிராத தலையோடு, இதே சாளரத்தின் முன் வந்து நின்றார். பின்னால் இராக்கம்மா நின்றார். கூடையில் சட்டி, குத்துவிளக்கு, பிள்ளைகளின் உடுப்பு. பத்துச்சீட்டு வருமுன் அவர் மூட்டை கட்டிவிட்டார்.

“வந்தியே, அது போதும்” என்றீர்கள் அழகரிடம். இராக்கம்மாவை நோக்கி, “சட்டியை இறக்கி வை பிள்ளை. நான் பங்களாவுக்குப் போயிட்டு வாறன்” என்றீர்கள்.

அழகரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, தூறலில் தாங்கள் தனியே நடந்தீர்கள். மறைத்திருக்கலாம், காய்ச்சல் என்று ஒரு சீட்டு எழுதியிருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார். தாங்கள் பொய் எழுதவில்லை. துரையின் முன் நின்று ஆங்கிலத்தில் சொன்னதைப் பங்களாச் சமையற்காரர் ஸலீம் நானா கேட்டு வந்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

“மலேரியாக் காய்ச்சல் விட்டவனுக்குத் திரும்பக் காய்ச்சல் கண்டால் பத்துச்சீட்டு எழுதுவீங்களோ? எழுதத்தான் வேணுமெண்டால் முதல்லை என்ரை பேருக்கு எழுதுங்கோ. மருந்து குடுத்தது நான்.”

துரை சீட்டுப் புத்தகத்தை மூடிவைத்தாராம். “ஓராண்டு பார்ப்போம்” என்றாராம். தாங்கள் திரும்பி வருகையில் இராக்கம்மா அதே இடத்தில், இறக்கி வைக்காத கூடையோடு நின்றிருந்தார். “மலைக்குப் போ. கொழுந்து காத்திருக்கு” என்று மட்டும் சொன்னீர்கள். அவர் சட்டியையும் உடுப்பையும் இறக்கி, குத்துவிளக்கை எடுத்துத் தங்கள் மேசைமேல் வைத்துவிட்டு, வெறுங்கூடையோடு மலைக்கு ஏறினார். அவ்விளக்கு இன்றும் அம்மேசைமேல் இருக்கிறது.

ஓராண்டு ஒன்பதாண்டாயிற்று. மாசி தோறும் அழகரின் கையில் காப்பு ஏறுகிறது, இறங்குகிறது. இறங்கிய மறுநாள் ஐந்தரைக்கு வரிசையில் முதல்வர் அவரே. அவர் பின்னே ஒருவர் இருவராய்ச் சேர்ந்து இன்று பதினொருவர் நிற்கிறார்கள்.

ஓய்வறியா உள்ளமே!

தாங்கள் ஓய்வு பெறும் செய்தி பரவிய நாளில், கொழுந்தை எடைபோட்டுவிட்டு நேரே அலுவலகத்துக்கு வந்தார் இராக்கம்மா. “ஐயா போறாருன்னா போகட்டுங்க, அவருக்கும் வயசாகுது. சன்னல் போகக்கூடாதுங்க. புது ஐயா வந்து எட்டு மணிக்குத்தான் தொறப்பேன்னா, அஞ்சரை மணிக்கு எம்புருசன் எங்கங்க போய் நிப்பாரு?” என்று கேட்டார்.  தங்கள் பெருமையை எழுத எதுகையும் மோனையும் தேடிக்கொண்டிருந்த நாங்கள் அன்று நாணினோம். அன்று மாலையே கூடி ஒரு முடிவுக்கு வந்தோம்.

ஆகவே, ஐயா, இன்று விருந்தில்லை. முடிவு நாளில் விருந்து வைத்து ஒருமுறை பட்ட தோட்டம் இது. பரிமாற இஞ்சித் தேத்தண்ணீர் உண்டு. பொற்கிழி இல்லை, பொன்னாடை இல்லை. இம்மடலின் கீழ் இடப்பட்டுள்ள ஏழு ஒப்பங்களே எங்கள் காணிக்கை. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு பேர். தாங்கள் அளவு சொல்லி வைக்கும் மருந்தை, அந்தந்த நாளுக்கு உரியவர் ஐந்தரை மணிக்கு வந்து, இச்சாளரத்தைத் திறந்து, வருபவரின் முகம் பார்த்து ஊற்றுவார். வரும் மருந்தாளர் இசைந்தாலும் இசையாவிட்டாலும் சாளரம் திறக்கும். கையிற் காசும் மனத்தில் ஆசையும் புரளும் சனிக்கிழமையை யார் ஏற்பது என்று தயங்கினோம். இராசையா கங்காணி எழுந்தார்: “அன்னைக்குப் போத்தலைத் தூக்கிட்டு வந்த கை இதுதானுங்க. சனிக்கிழமை இதுக்கே இருக்கட்டும்.”

கதிர்காமத்து வேலவன் தங்களைக் காப்பானாக! இம்மலைக்குளிர் தந்த மூட்டுவலி தங்கள் ஊர்ப் பனங்காட்டு வெயிலில் பறந்தோடுக! துணைவியாரும் மக்களும் சூழ, பாடும் பதிகம் குரல் தளராது, பல்லாண்டு இனிது வாழ்க! நாள்தோறும் விடியலில் கண்விழிக்கும்போது, இங்கே ஒரு சாளரம் திறக்கிறது என்னும் எண்ணம் தங்களுக்கு நல்லுறக்கம் உறங்கியெழுந்த நிறைவைத் தருக!

இதோ, பெரட்டுக்கு அழைக்கும் தப்பு முழங்குகிறது. கோப்பையோடு நிற்கும் பதினொருவரும் பெரட்டுக்குப் போகவேண்டும். எங்கள் கையிலுள்ள மாலை சற்றுப் பொறுக்கும்; அவர்கள் பொறுக்கலாகாது. இன்று சனிக்கிழமையாயினும், இந்த ஒரு சனி தங்களுடையது. சாளரத்தைத் திறந்தருள்க, ஐயா.

தேன்கல்மலைத் தோட்டம், பதுளை
சுபகிருது ஆண்டு, ஆனித் திங்கள் (30.06.1962)

நாளை முதல் சாளரம் திறப்போர்:

ஞாயிறு: இராக்கம்மா, கொழுந்து பறிப்பவர் (கைநாட்டு)
திங்கள்: தர்மராசா, தலைமை எழுதுவினைஞர்
செவ்வாய்: இரகுநாதன், டீமேக்கர்
புதன்: குணமணி, மருத்துவத் தாதி
வியாழன்: ஸலீம், பங்களாச் சமையற்காரர்
வெள்ளி: சரோஜாதேவி, தோட்டப் பாடசாலை ஆசிரியை
சனி: இராசையா, கங்காணி