இன்று வித்யாவின் பாடு: லேப்டாப்பா, டேப்பா?

ஒரே கேள்விக்கு ஒன்பது கூட்டம் போட்டு, ஒன்பதிலும் டீ மட்டுமே முடிவாகி, பத்தாவதுக்கும் சளைக்காமல் தலைமையேற்றிருக்கும் ஊர்த்தலைவர் சகாதேவன் அவர்களே! தம் லேப்டாப்பை ஊருக்கு இரவல் தந்த நாள்முதல் தூக்கம் தொலைத்த கணினி ஆசிரியர் பிரவீன் அவர்களே! வலை இழுத்த கையோடு வந்திருக்கும் பெரியோர்களே! கூடை இறக்கிய களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! மைக்கை என்னிடம் தந்துவிட்டு இப்போதே வருந்தும் விழாக் குழுவினரே! பன்னிரண்டாம் வகுப்புத் தீனாவின் பணிவான வணக்கம்.

பணிவா என்று சிரிப்பது யார்? செவ்வந்தி அக்காவா? இன்று ஒருநாள் நம்புங்கள் அக்கா.

நம் ஊர் வித்யா திங்கட்கிழமை பொன்னேரிக் கல்லூரிக்குக் கணினி படிக்கப் போகிறாள். அவளுக்கு ஒரு கருவி தர ஓர் அறக்கட்டளை முன்வந்தது. லேப்டாப்பா, டேப்பா? ஒரே ஒரு சொல்லை எழுதி அனுப்பினால் போதும். அந்த ஒரு சொல்லுக்கு ஊரே இரண்டாகப் பிளந்தது! லேப்டாப் கட்சிக்குத் தலைவர் வித்யாவின் நைனா சின்னப்பன். டேப் கட்சிக்குத் தலைவி மீன் விற்கும் ஜெயம்மா அத்தை. இன்று மாலைக்குள் கடிதம் போகாவிட்டால் கருவி அடுத்த ஊருக்குப் போய்விடும். அப்புறம் வித்யா எதில் படிப்பாள்? நம் பத்துக் கூட்டங்களின் தீர்மான நோட்டிலா?

இரு கட்சியும் சோதனை நடத்தியதே, மறக்க முடியுமா? பிரவீன் சாரின் லேப்டாப்பைப் படகில் ஏற்றினார் சின்னப்பன் மாமா. உச்சி வெயில். லேப்டாப் கொதித்தது. மாமா பதறவில்லை. இறால் பெட்டியைத் திறந்தார், ஐஸை அள்ளினார், லேப்டாப்பைப் படுக்க வைத்தார், மேலேயும் இரண்டு கை போட்டு மூடினார்! கரையில் கேட்டதற்கு, "சூடாச்சுன்னா இன்னா பண்றது? ஐஸ்லதானே வெக்கணும்? எறாலுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?" என்றார். சார், அழாதீர்கள். மூன்று நாள் கருவாட்டோடு காய்ந்து அது உயிர் பிழைத்ததா இல்லையா? இன்றும் மூடியைத் திறந்தால் நெத்திலி மணக்கிறதாமே!

ஜெயம்மா அத்தை, சிரிக்காதீர்கள். அடுத்தது நீங்கள்தான்.

இறால் உரித்த ஈரக் கையோடு, இரவல் வாங்கிய டேப்பைத் தொட்டார் அத்தை. அது அசையவில்லை. தடவினார், தட்டினார், தலையில் ஒரு குட்டும் வைத்தார். கடைசியில் சொன்னார்: "இன்னாடி இது, எங்க ஊட்டுக்காரு மாதிரியே கீது. எத்தினி வாட்டி தட்னாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்குது." அத்தை வீட்டுக்காரர் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறார். இப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை!

சரி, டேப் கட்சிக்குக் கொடி பிடித்த நான் மட்டும் யோக்கியனா? வித்யா படித்து முடித்ததும் மாலையில் கேம் விளையாட எனக்குக் கிடைக்கும் என்ற பொதுநலம்தான் காரணம். கைதட்டாதீர்கள், அம்மா பார்க்கிறார்.

இன்று காலை படகில் வித்யாவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "டேப்புல பாடம் பாக்கலாம். நான் பாக்க மட்டுமா போறேன்? புரோகிராம் எழுதணும். கண்ணாடியத் தேய்ச்சிக்கினு நூறு வரி எழுத முடியுமா? கீபோர்டு வேணும். ஆனா படகு, பஸ்ஸு, நடைன்னு தினம் தூக்கணும். அதனால சின்ன லேப்டாப்பு, வெயிட் இல்லாதது, ஒரு தபா சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்கறது. நைனாகிட்ட சொல்லு, ஐஸ் பொட்டி வேணாம், தண்ணி உள்ள போவாத பை ஒண்ணு போதும்."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன்.

"யாரு கேட்டீங்க?" என்றாள்.

யார் கேட்டோம்? ஐயா, நீங்கள் கேட்டீர்களா? அம்மா, நீங்கள் கேட்டீர்களா? நான்தான் கேட்டேனா?

இந்த ஏரியில் நமக்கு ஒரு முறை உண்டு. சீட்டுப் போட்டு, முறைவைத்து, யார் என்று எங்கே வலை போடுவது எனப் பாடு பிரிக்கிறோம். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை போடலாமா? தலைவரே ஆனாலும் போடலாமா? தகப்பனே ஆனாலும் போடலாமா? புயலிலும் பிசகாத முறை, பூசலிலும் பிறழாத முறை, இந்த ஒரு மாதம் மட்டும் எங்கே போயிற்று? படகேறப் போவது அவள்! பை சுமக்கப் போவது அவள்! பரீட்சை எழுதப் போவதும் அவள்! அப்படியானால் இது யாருடைய பாடு? வித்யாவின் பாடு! அவள் பாட்டில் நாம் அத்தனை பேரும் வலை விரித்துவிட்டோம். என் வலையை இதோ சுருட்டிக்கொள்கிறேன். சின்னப்பன் மாமா, உங்கள் கட்சி ஜெயித்தது என்று மீசையில் கை வைக்காதீர்கள். முதலில் உங்கள் வலையைச் சுருட்டுங்கள். அத்தை, நீங்களும்தான்.

கடிதம் மேசையில் இருக்கிறது. பேனா தலைவர் சட்டைப்பையில் இருக்கிறது. தலைவரே, அதை எடுத்து என்னிடம் தர வேண்டாம். மூன்றாவது வரிசையில் நிற்கிறாளே, அவளிடம் தாருங்கள். வித்யா, மேலே வா.

பொறுத்த காதுகளுக்கும், கல்லெறியாத கைகளுக்கும், மன்னிக்கப் போகும் பிரவீன் சாருக்கும் நன்றி. வணக்கம்!